திருவிழாவிலும் அன்னதானத்திலும் குப்பையைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் திருவிழா, கந்தூரி, தேர்பவனி, ஊர்ப் பொங்கல் என்று நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடிச் சாப்பிடும் நிகழ்ச்சிகளில், குப்பையைப் பிரித்து அனுப்பும் வேலையைச் சில ஆண்டுகளாகத் தன்னார்வலர்களோடு சேர்ந்து செய்துவருகிறேன். விழாக் குழுவினரும் அன்னதானம் செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, நாங்கள் செய்து பார்த்ததையும் விதிகளில் உள்ளதையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

விழா முடிந்ததும் ஆள் வைத்துக் கூட்டி அள்ளிவிடுகிறோம். இதற்கென்று தனித் திட்டம் எதற்கு?

துடைப்பம் வந்து சேரும் நேரத்தில் எல்லாம் கலந்துபோயிருக்கும். சாம்பார் ஊறிய அட்டைப்பெட்டியைக் காயலான் கடைக்காரர் வாங்க மாட்டார். பிளாஸ்டிக் கப் கலந்த வாழை இலையை உரக்குழியில் போட முடியாது. தனித்தனியாக இருந்தபோது பயன்படக்கூடியவையாக இருந்த பொருள்கள், ஒன்றாகக் கலந்த அரைமணி நேரத்தில் குப்பைக் கிடங்குக்குப் போவதைத் தவிர வேறு வழியற்றவையாகிவிடுகின்றன. ஒரு விழாவில் எவ்வளவு குப்பை சேரும் என்பது மளிகைச் சீட்டு எழுதும் அன்றே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்தச் சீட்டில் "கப் ஐந்தாயிரம்" என்று ஒரு வரி இருந்தால், விழா இரவில் ஐந்தாயிரம் கப் தரையில் கிடக்கும். ஆகவே, குப்பையைப் பற்றிய பேச்சை விழாக் குழுவின் முதல் கூட்டத்திலேயே, பந்தலுக்கும் சமையலுக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எடுப்பது நல்லது.

இதில் சட்டப்படி நமக்கு என்ன கடமை இருக்கிறது?

மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை நடைமுறையில் உள்ளது. உணவு கட்டும் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், கொடி, தெர்மாகோல் தட்டு ஆகியவற்றோடு, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் காகிதத் தட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டாவதாக, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடை, பிளாஸ்டிக் கரண்டி, முட்கரண்டி, பலூன் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் பளபளப்புத் தாள் போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டது.

மூன்றாவது, விழா நடத்துபவர்களை நேரடியாகச் சுட்டுவது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துபவர் குறைந்தது மூன்று வேலைநாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், சேரும் குப்பையை அங்கேயே பிரித்து, உள்ளாட்சி காட்டும் ஆளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. குப்பையைத் தெருவில் கொட்டுவதையும் எரிப்பதையும் வாய்க்காலில் தள்ளுவதையும் அதே விதிகள் தடை செய்தன. காவல் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்க மறக்காத நாம், பேரூராட்சி அலுவலகத்தில் குப்பைக்காக ஒரு கடிதம் கொடுக்கவும் மறக்கக் கூடாது. அந்தக் கடிதத்தால் நமக்கும் நன்மை உண்டு. எத்தனை வண்டி, எந்த நேரம், எந்த வாசல் என்பதை அப்போதே பேசி முடித்துவிடலாம்.

காகிதக் கப் மக்கிவிடும்தானே? அதை ஏன் தடுக்க வேண்டும்?

காகிதம் மக்கும், காகிதக் கப் அப்படியே மக்காது. சூடான தேநீரை ஊற்றியும் கப் நனைந்து கிழியாமல் நிற்பதற்குக் காரணம், உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பாலிஎத்திலீன் படலம். ஒரு கப்பைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து விரலால் உரித்துப் பாருங்கள். காகிதம் கூழாகிக் கரைந்துபோக, கப்பின் வடிவத்திலேயே ஒரு பிளாஸ்டிக் தோல் கையில் மிஞ்சும். அந்தத் தோலைப் பிரிக்கும் வசதி சாதாரணக் காகித ஆலைகளில் இருப்பதில்லை என்பதால் பழைய காகிதம் வாங்குபவர்களும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட முடிவின்படி, 100 மில்லி சூடான பானம் இத்தகைய கப்பில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. அன்னதானத்தில் பாயசத்தையும் ரசத்தையும் இதில்தான் ஊற்றிக் கொடுக்கிறோம்.

"மக்கும் பிளாஸ்டிக்" என்று சொல்லி விற்கப்படும் கப்பும் பையும் வேறு வகை. அவை ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரத்தின்படி சான்று பெற்றவையாக இருந்தாலும், சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலைத்து நிற்கும் பெரிய உரக்கூடங்களில் மக்குவதற்காகச் செய்யப்பட்டவை. வீட்டுத் தோட்டக் குழியிலோ ஏரிக்கரையிலோ விட்டால் நீண்ட காலம் அப்படியே கிடக்கும்.

அப்படியானால் ஆயிரக்கணக்கானோருக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது?

எனக்குத் தெரிந்தவரை ஒரு விழாவின் குப்பைக்கு முடிவு சொல்லும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டாயிரம் பேர் வருகிறார்கள், ஒருவர் மூன்று முறை தண்ணீர் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறைக் கப்பில் கொடுத்தால் ஆறாயிரம் கப். அதே தண்ணீரை 200 மில்லி டம்ளரில் கொடுத்தால் தேவைப்படுவது 1,200 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் அறுபது. கேன்கள் கடைக்கே திரும்பிப் போய்விடும். இரண்டாயிரம் பேரும் ஒரே நொடியில் குடிப்பதில்லை என்பதால் முந்நூறு அல்லது நானூறு எவர்சில்வர் டம்ளர்கள் சுழற்சியில் இருந்தால் பெரும்பாலும் போதுமானது. வாடகைப் பாத்திரக் கடையில் அண்டாவோடும் குண்டானோடும் சேர்த்துக் கேட்டால் டம்ளருக்கான வாடகை பெரிய சுமையாக இருக்காது.

ஓரிடத்தில் பெரிய தொட்டியை வைத்து எல்லோரையும் அங்கே வரவழைப்பதைவிட, கூட்டம் ஓடும் பாதையில் சிறு தண்ணீர்ப் பந்தல்களாகப் பிரித்து வைப்பது நல்லது. ஒவ்வொன்றிலும் ஊற்றிக் கொடுக்க ஒருவரும், வெற்று டம்ளரை வாங்கிக் கழுவுமிடத்துக்கு அனுப்ப ஒருவரும் நிற்க வேண்டும். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருபவர்களுக்கு நிரப்பித் தரக் குழாய் வைத்து, அதை அழைப்பிதழிலும் ஒரு வரியாக அச்சிடலாம். பாதயாத்திரை வருபவர்கள் இதை மகிழ்ச்சியோடு பயன்படுத்துகிறார்கள்.

டம்ளர்கள் திரும்பி வருமா? பாதி காணாமல் போய்விடாதா?

சில தொலையும், அதற்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். கண்காட்சி, உணவுத் திருவிழா போன்று காசு கொடுத்து வாங்கும் இடமாக இருந்தால் வைப்புத்தொகை முறை நன்றாக வேலை செய்யும். நீலகிரி மாவட்டத்தில், காட்டிலும் சாலையோரத்திலும் வீசப்பட்ட மதுப்பாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழித்ததால், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2022 மே மாதத்தில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுக்கும் முறை தொடங்கப்பட்டது. விற்ற பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அன்னதானத்தில் காசு வாங்குவது முறையாகாது. அங்கே, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும் இடம் வெளியேறும் வழியிலேயே இருந்தால் போதும், கேட்காமலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கழுவுவதற்கே நிறையத் தண்ணீர் வேண்டுமே? சுத்தமாக இருக்குமா?

ஓடும் குழாயடியில் கழுவினால் தண்ணீர் வீணாகும். மூன்று பெரிய அண்டாக்களை வரிசையாக வைத்து, முதலாவதில் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் வெந்நீரில் முக்கி எடுத்தால் செலவு கட்டுக்குள் இருக்கும். மூன்றாவது அண்டா 77 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். டம்ளர் அதில் 30 வினாடியாவது மூழ்கியிருக்க வேண்டும். கையை விட முடியாத சூடு என்பதால் கம்பிக் கூடையில் அடுக்கி இறக்குவது வசதி. சமையலுக்கு அடுப்பு எரியும் இடத்தில் இதற்கும் ஓர் அடுப்பு ஒதுக்கச் சொல்லி சமையல்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். முதல் அண்டாவின் தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

வாழை இலையில்தானே போடுகிறோம்? அதில் என்ன குறை?

இலையில் குறை இல்லை. இலைக்குள் மடித்து வைக்கப்படுவதில்தான் குறை. ஒரு பந்தி எழுந்திருக்கும் நேரத்தை அருகில் நின்று பாருங்கள். சாப்பிட்டு முடித்தவர் தண்ணீர் குடித்த கப்பை இலையின் நடுவில் வைக்கிறார், கை துடைத்த தாளை அதன்மேல் வைக்கிறார், பீடாவின் ஜிகினாத் தாளையும் போடுகிறார், பிறகு மரியாதையாக இலையைத் தன்பக்கமாக மடித்துவிட்டு எழுகிறார். இலை எடுப்பவர் அதைச் சுருட்டி வாளியில் போடும்போது, வெளியே பச்சை இலையும் உள்ளே பிளாஸ்டிக்குமாக ஒரு பொட்டலம் தயாராகிவிடுகிறது. நூறு இலை கொண்ட ஒரு குவியலில் இருந்து கப்புகளைப் பொறுக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும், கை எப்படி நாறும் என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எவர்சில்வர் டம்ளர் வைத்தாலே இந்தச் சிக்கலில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். மீதிக்கு, கடைசிச் சுற்று மோர் போகும்போதே ஒருவர் வாளியோடு வரிசையில் நடந்து, "ஐயா, தாள் ஏதும் இருந்தால் இதில் போட்டுவிடுங்கள், அம்மா, இலையில் சோறு மட்டும் இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மடிப்பதற்கு முந்தைய அந்த இரண்டு நிமிடங்களில் செய்தால் எளிது.

பாக்கு மட்டைத் தட்டும் தைத்த மந்தார இலையும் நல்ல மாற்றுகள். பாக்கு மட்டை மக்க வாழை இலையைவிடக் கூடுதல் காலம் எடுக்கும். உடைத்துப் போட வேண்டும். வெள்ளிநிறத் தாள் ஒட்டிய தட்டுகளை இலை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

இரண்டு நிறத்தில் தொட்டி வைத்தோம். இருந்தும் எல்லாம் கலந்துதான் கிடந்தது. மக்களுக்குப் பொறுப்பில்லையா?

எங்களுக்கும் முதல் ஆண்டில் இதுவேதான் நடந்தது. பச்சையும் நீலமுமாகப் பதினாறு தொட்டிகள் வாங்கி, பெரிய எழுத்தில் பலகை எழுதி, திடலைச் சுற்றி வைத்தோம். மாலைக்குள் பச்சையிலும் நீலத்திலும் ஒரே குப்பை. மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடுப்பில் குழந்தை, ஒரு கையில் பிரசாதம், பின்னால் நெருக்கும் கூட்டம் என்று நிற்கும் ஒரு தாய்க்கு, பலகையைப் படித்து எதை எதில் போடுவது என்று யோசிக்க ஒரு நொடிகூட வாய்க்காது.

மறு ஆண்டு தொட்டிகளை ஆறாகக் குறைத்தோம். பச்சையும் நீலமும் எப்போதும் ஒட்டியே இருக்கும்படியும், சாப்பிடும் இடத்தின் வாசலிலும் பிரசாதக் கடை எதிரிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் மட்டும் இருக்கும்படியும் வைத்து, ஒவ்வோர் இணைக்கும் ஒருவரை நிறுத்தினோம். நிற்பவரின் வேலை அதட்டுவதல்ல; கையை நீட்டி வாங்கிச் சரியான தொட்டியில் போடுவது. முதலில் வரும் இருபது பேருக்குக் காட்டிவிட்டால், பின்னால் வருபவர்கள் தொட்டிக்குள் கிடப்பதைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள். பலகையில் "மக்கும் குப்பை" என்று எழுதுவதைக் காட்டிலும், ஒரு வாழை இலையையும் ஒரு காலிப் பாட்டிலையும் கயிற்றில் கட்டித் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டது நன்றாகப் பயன்பட்டது. பள்ளி மாணவர்களை நிறுத்துவதானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், கையுறை கொடுங்கள், அவர்களைப் பந்தியில் முதலில் உட்காரவையுங்கள்.

குழந்தைகளின் டயப்பர், சானிட்டரி நாப்கின் ஆகியவற்றுக்குக் கழிப்பறை அருகில் மூடியுள்ள தனித் தொட்டியும், சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளும் வையுங்கள். இதை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள் என்பதாலேயே மறந்துபோகிறது.

எச்சில் இலையையும் மிஞ்சிய சோற்றையும் மாடுகளுக்குப் போட்டுவிடலாமா?

மொத்தமாகக் கொட்டாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்யும் இந்தக் காரியத்தால் மாடுகள் செத்துப்போகின்றன. வேகவைத்த சோற்றை மாடு அளவுக்கு மீறித் தின்றால் முதல் இரைப்பையில் அமிலம் பெருகி, அசைபோடுவது நின்று, ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். இலையோடு பிளாஸ்டிக்கும் உள்ளே போனால் அது வெளியேறாமல் வயிற்றிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். சமையல் கூடத்தில் கழியும் காய்த்தோல், கீரைத்தண்டு, எச்சில்படாத இலை நறுக்கு ஆகியவற்றை மாடு வளர்ப்பவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

மிஞ்சிய நல்ல சாப்பாட்டை என்ன செய்வது?

முதல் வேலை, மிஞ்சாமல் சமைப்பது. ஒரே உலையாக வடிக்காமல் மூன்று தவணையாக வடித்தால் கடைசித் தவணையைக் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். இலையில் குறைவாகப் பரிமாறி, கேட்கக் கேட்கப் போடச் சொல்வது இன்னொன்று. "நிறையப் போட்டால்தான் பெருமை" என்ற எண்ணத்தைப் பரிமாறுபவர்களிடம் பேசித்தான் மாற்ற வேண்டும்.

அண்டாவில் கைபடாமல் மிஞ்சியதை மட்டும் பிறருக்குக் கொடுங்கள். 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே, சமைத்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டி, உடனே சாப்பிடப்போகிற இல்லங்களுக்கு அனுப்புங்கள். எந்த இல்லம், யார் வந்து எடுப்பார் என்பதை விழாவுக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் தேடத் தொடங்கினால் சோறு கெட்டுவிடும். சோற்றில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பல மணி நேரம் வெளியே ஆறிக் கிடந்த சோற்றைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது, அதை உரமாக்கிவிடுங்கள்.

உரமாக்க எவ்வளவு இடம் வேண்டும்?

பேரூராட்சியாக இருந்தால் அங்கே வளம் மீட்பு பூங்கா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிரித்துக் கொடுத்தால் அவர்களே உரமாக்குவார்கள். கோயில் தோப்பிலோ பள்ளித் திடலின் ஓரத்திலோ நாமே செய்வதானால், நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாத குவியல் தேவை. அதைவிடச் சிறியதில் சூடு நிற்காது. வாழை இலையின் நடுத்தண்டை அரிவாளால் வெட்டிப் போடாவிட்டால் மாதக்கணக்கில் நாராகக் கிடக்கும். ஓர் அடுக்கு எச்சில் இலை, அதற்கு இரு மடங்கு உயரத்தில் காய்ந்த சருகு அல்லது தென்னை நார்க் கழிவு, மேலே கொஞ்சம் சாணக் கரைசல் என்று அடுக்குங்கள். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று பொருள். உள்ளே 55 டிகிரி சூடு மூன்று நாளாவது நின்றால் நோய்க் கிருமிகள் அழியும். வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டால் சுமார் இரண்டு மாதத்தில் கறுப்பு மண்ணாகிவிடும்.

மாலைகளும் இதில் சேரும். வாழைநாரில் கட்டிய மாலையை அப்படியே போடலாம். நைலான் நூலும் ஜிகினாவும் வைத்துக் கட்டியதை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரிக்க வேண்டும். பூக்காரரிடம் மாலை சொல்லும்போதே "நாரில் கட்டுங்கள்" என்று கேட்டுக்கொள்வது அந்த வேலையை மிச்சப்படுத்தும்.

பிரித்த பாட்டிலையும் அட்டையையும் யார் வாங்குவார்கள்?

காயலான் கடைக்காரரை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பார்த்து, எதை எடுப்பார், எப்படிக் கட்டித் தர வேண்டும் என்று கேளுங்கள். தண்ணீர்ப் பாட்டிலும் அதன் மூடியும் வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக். மூடியைக் கழற்றி, மிச்சத் தண்ணீரைக் கொட்டி, நசுக்கிச் சாக்கில் போட்டால் ஒரே வண்டியில் பல மடங்கு கொள்ளும். மளிகை வந்த அட்டைப்பெட்டிகள், எண்ணெய் டின்கள், சாக்குகள் சமையல் தொடங்கும் முன்பே காலியாகும். அவற்றை அப்போதே தனியறையில் பூட்டி வையுங்கள். ஈரம் படாத அட்டைக்குத்தான் விலை. வரும் பணத்தை அங்கே வேலை செய்த தூய்மைப் பணியாளர்களுக்கே பிரித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

ஃபிளெக்ஸ் பேனரும் தோரணமும்?

100 மைக்ரானுக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறைந்த பி.வி.சி. பிளாஸ்டிக் பேனருக்கு 2022 முதல் தடை உண்டு. ஊரில் கட்டும் ஃபிளெக்ஸ் பெரும்பாலும் அதைவிடத் தடிமனானது என்பதால் தப்பித்துக்கொள்கிறது. எரித்தால் நச்சுப்புகை. நன்கொடையாளர் பெயரைத் துணியில் எழுதுங்கள், ஆண்டை மட்டும் எழுதாதீர்கள். மறு ஆண்டும் கட்டலாம். பிளாஸ்டிக் கொடிகளுக்குப் பதில் மாவிலையும் தென்னங்குருத்துத் தோரணமும் போதும்.

பெரிய கூட்டத்தில் இது நடந்த இடம் ஏதாவது உண்டா?

கேரளத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளின்போது ஒருமுறைப் பொருள்களைத் தவிர்க்கும் பசுமை நெறிமுறை நடைமுறைக்கு வந்தது. பின்னர் திருவனந்தபுரம் ஆற்றுகால் பொங்கலுக்கும் அது விரிந்தது. இலட்சக்கணக்கான பெண்கள் தெருவெங்கும் செங்கல் அடுப்பு மூட்டும் அந்த விழாவில், மாநகராட்சி செங்கற்களைச் சேகரித்து ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்துக்குக் கொடுத்துவருகிறது. பெங்களூரில் அதம்ய சேதனா அமைப்பு, விழாக்களுக்கு எவர்சில்வர் தட்டுகளும் டம்ளர்களும் தரும் தட்டு வங்கி ஒன்றை நடத்துகிறது. நம் ஊர்க் கோயில்களில் நன்கொடையாகக் குத்துவிளக்கும் மணியும் வருவதுபோல, ஐந்நூறு டம்ளர் வந்தால் சுற்றியுள்ள பத்து ஊருக்கும் உதவும்.

தூய்மைப் பணியாளர்களுக்காக விழாக் குழு என்ன செய்ய வேண்டும்?

அவர்களை விழா முடிந்த பிறகு கூப்பிடாமல், திட்டமிடும்போதே கூப்பிடுங்கள். எந்த மூலையில் குப்பை குவியும், வண்டி எங்கே திரும்பும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் ஓர் ஆண்டு, தேர் நிலைக்கு வந்த இரவு இரண்டு மணிக்கு, ஓர் அம்மா வெறுங்கையால் பூக்குவியலைக் கிளறி, உள்ளே இருந்த உடைந்த கண்ணாடித் துண்டில் விரலைக் கிழித்துக்கொண்டார். அவரிடம் கையுறை இல்லை. எங்களிடமும் முதலுதவிப் பெட்டி இல்லை. அன்று முதல் கையுறையும் காலணியும் மளிகைச் சீட்டின் முதல் வரியில் இருக்கின்றன. கண்ணாடிக்கென்று தனி வாளி வைக்கிறோம். அவர்களுக்கான சாப்பாட்டைக் கடைசிப் பந்திக்கு விட்டுவைக்காமல், வேலை தொடங்கும் முன்பே இலை போட்டுப் பரிமாறுகிறோம்.

குறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எடைபோடுங்கள். காயலான் கடைத் தராசு ஒன்றை அன்றிரவு மட்டும் கடனாகக் கேட்டால் தருவார்கள். மக்கும் குப்பை, விற்கக்கூடியது, கிடங்குக்குப் போவது என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு சாக்கும் வண்டியில் ஏறும் முன் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடங்குக்குப் போகும் சாக்கு ஒன்றைத் தரையில் கொட்டி, அதில் அதிகமாக எது இருக்கிறது என்று பார்த்தால், அடுத்த ஆண்டு எதை நிறுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். நாங்கள் அதை வரவுசெலவு நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே எழுதுகிறோம். குழு மாறும்போது அந்த நோட்டு எப்படியும் புதியவர்கள் கைக்குப் போகும்.